மதகுக்கும் கணினி மாதிரிக்கும் இடையே: சென்னை வெள்ள முன்னறிவிப்புத் திட்டமிடல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அரசுத் துறைகளுக்காகச் செய்யப்படும் தொழில்நுட்பக் கொள்கை ஆய்வுகள் பலவும் எந்தக் கருவியை வாங்கலாம், எந்த மென்பொருளை நிறுவலாம் என்ற கேள்வியோடு தொடங்குகின்றன. அந்தக் கருவி தரும் எண்ணைப் பார்த்து எந்த அலுவலர், எத்தனை மணிக்குள், எந்த ஆணையின் பலத்தில் என்ன முடிவெடுக்கப் போகிறார் என்பது பெரும்பாலும் கடைசியில் வருகிறது. சில நேரங்களில் வருவதே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னை வெள்ள முன்னறிவிப்புக்காக எடுக்கப்பட்ட முயற்சிகளை இந்தக் கோணத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு நிறுவனங்கள், நிதி, திறமையான பொறியாளர்கள் ஆகிய மூன்றுக்கும் குறைவில்லாத நகரம் இது. ஆகவே இங்கு எது கைகூடியது, எது கைகூடவில்லை என்பது மற்ற நகரங்களுக்கும் பயன்படும்.

2015: நடந்தது என்ன

2015 நவம்பரில் நுங்கம்பாக்கம் நிலையத்தில் 1,049 மி.மீ. மழை பதிவானது. 1918-க்குப் பிறகு எந்த நவம்பரிலும் அங்கு அவ்வளவு மழை பெய்ததில்லை. ஏரிகள் நிரம்பி, மண் ஊறி, இனி உறிஞ்ச இடமில்லாத நிலையில் டிசம்பர் 1 விடிந்தது. அன்று காலை முதல் மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. அன்று காலையில் வினாடிக்கு ஆயிரம் கனஅடிக்குள் இருந்த உபரிநீர் வெளியேற்றம் மாலைக்குள் 29,000 கனஅடியாக உயர்த்தப்பட்டது. அந்த நீர் அடையாற்றில் இறங்கிச் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளை அடைய எடுத்துக்கொள்வது சில மணி நேரமே. இரவில் மக்கள் மொட்டை மாடிகளில் நின்றார்கள்.

அப்போது வானிலை எச்சரிக்கையே இல்லாமல் போய்விடவில்லை. கடலோர மாவட்டங்களில் கனமழை முதல் மிகக் கனமழை வரை பெய்யும் என்ற அறிவிப்பு இருந்தது. ஆனால் அந்த அறிவிப்பு மாவட்ட அளவில் பேசியது. ஏரிக்கரையில் நிற்கும் பொறியாளருக்குத் தேவைப்பட்டதோ, தன் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் அடுத்த 12 மணி நேரத்தில் எத்தனை செ.மீ. விழும், அதனால் நீர்வரத்து எவ்வளவு உயரும் என்ற விடை. மழையை வரத்தாகவும், வரத்தை ஆற்றின் நீர்மட்டமாகவும், நீர்மட்டத்தைத் தெருவில் நிற்கும் நீரின் ஆழமாகவும் மாற்றிச் சொல்லும் கணக்கு அன்று யார் கையிலும் இல்லை.

இரண்டு ஆய்வுகள், இரண்டு கேள்விகள்

இந்த நிகழ்வைப் பற்றி வெளிவந்தவற்றில் இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். ஒன்று, இந்தியக் கணக்குத் தணிக்கையாளரின் செயல்திறன் தணிக்கை அறிக்கை. 2018 ஜூலையில் தமிழ்நாடு சட்டப் பேரவையில் வைக்கப்பட்டது. மற்றொன்று, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நீர் ஆய்வு மையம் சென்னை, மும்பை ஐ.ஐ.டி. அறிஞர்களோடு சேர்ந்து 2016-இல் வெளியிட்ட விரைவு மதிப்பீடு.

தணிக்கை அறிக்கை இதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றது. ஏரியில் இன்னும் ஏறத்தாழ 0.27 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கனஅடி) நீரைத் தேக்க இடமிருந்தது என்றும், வெளியேற்றத்தை வினாடிக்கு 12,000 கனஅடியிலேயே வைத்திருந்தால் மேலும் 6 மணி நேரம் தாக்குப்பிடித்திருக்கலாம் என்றும் அது கணக்கிட்டது. விரைவு மதிப்பீடு வேறு முடிவுக்கு வந்தது. மணிமங்கலம், ஆதனூர், சோமங்கலம் போன்ற பகுதிகளில் மதகுகளால் கட்டுப்படுத்த முடியாத எண்ணற்ற சிறு ஏரிகள் நிரம்பி, கலங்கல் (உபரிநீர் வழியும் தடம்) வழியாகவும் கரை உடைந்தும் அடையாற்றில் சேர்ந்த நீரே உச்ச வெள்ளத்தின் பெரும்பகுதி என்றும், செம்பரம்பாக்கத்தை மட்டும் வேறு விதமாக இயக்கியிருந்தால் வெள்ளம் தவிர்ந்திருக்காது என்றும் அது கண்டது.

இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகவே அன்று ஊடகங்கள் எழுதின. என் கருத்தில் அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். விதிமுறைப்படி அணை இயக்கப்பட்டதா என்று தணிக்கையாளர் கேட்டார். இயக்கம் வேறாக இருந்திருந்தால் விளைவு மாறியிருக்குமா என்று அறிவியலாளர் கேட்டார். கொள்கை வகுப்போர் கேட்டிருக்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: மழைக்கு முன்பே ஏரியைக் குறைத்து வைக்கும் அதிகாரமும் அதற்கான ஆதாரமும் யாரிடமாவது இருந்தனவா? அதை எவரும் முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கேள்வியின் எடையைச் சிறு கணக்கில் காட்டலாம். பெருமழைக்கு முந்தைய இரண்டு நாட்களில் நீர்வரத்தைவிட வினாடிக்கு 5,000 கனஅடி கூடுதலாக வெளியேற்றியிருந்தால், ஏரியில் 864 மில்லியன் கனஅடி இடம் உருவாகியிருக்கும். தணிக்கை அறிக்கையின் கணக்குப்படி 0.27 டி.எம்.சி. இடம் 6 மணி நேர அவகாசம் தரும் என்றால், இந்த 0.864 டி.எம்.சி. ஏறத்தாழ 19 மணி நேரம் தந்திருக்கும். சிறு ஏரிகளின் நீரை அது தடுத்திருக்காது. ஆனால் அந்த நீரின் உச்சமும் செம்பரம்பாக்கத்தின் உச்சமும் ஒரே நேரத்தில் சைதாப்பேட்டையைத் தாண்டாமல் பிரித்திருக்கலாம். வீடுகளைக் காலி செய்ய ஒரு பகற்பொழுதையாவது தந்திருக்கும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 864 மில்லியன் கனஅடி என்பது சுமார் 24,500 மில்லியன் லிட்டர். சென்னைக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லியன் லிட்டர் வழங்கப்படுவதாக வைத்துக்கொண்டால் அது 24 நாள் குடிநீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த நகரம் இது. முன்னறிவிப்பை நம்பி ஏரியைக் குறைத்து, மழை பொய்த்துப் போனால், அடுத்த கோடையில் காலிக் குடங்களோடு மறியல் செய்வோருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அதே பொறியாளர். வெள்ளம் வந்தாலும் அவர்மீது பழி, வறட்சி வந்தாலும் அவர்மீது பழி. இந்த நிலையில் அவர் ஏரியை நிரம்பவிடுவதும் கடைசி நேரத்தில் மதகைத் திறப்பதும் அலட்சியத்தால் அல்ல. அமைப்பு அவரை அந்த இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறது. முன்னறிவிப்புத் தொழில்நுட்பத்துக்கான திட்டமிடல் ஆய்வு தொட வேண்டிய முதல் இடம் இதுவே.

கட்டப்பட்டவை

2015-க்குப் பிறகு பணி நடக்கவில்லை என்று சொல்வது அநியாயம். இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகத்தின் முன்முயற்சியில், மும்பை ஐ.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம், பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், இந்திய வானிலை ஆய்வுத் துறை உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து சென்னைக்கான கடலோர வெள்ள எச்சரிக்கை அமைப்பை உருவாக்கின. ‘சி-ஃப்ளோஸ்’ என்று அழைக்கப்படும் இது 2019-இல் வடிவம் பெற்றது. மழை முன்கணிப்பு, நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஓடும் நீர், ஆற்றின் ஓட்டம், கடல் ஓதம் (அலையேற்ற இறக்கம்), புயல் எழுச்சி (புயலால் கடல்மட்டம் உயர்வது) ஆகியவற்றைத் தனித்தனி மாதிரிகளாகச் செய்து ஒன்றோடொன்று கோத்தது இதன் சிறப்பு.

இதில் மிகுந்த யோசனையோடு எடுக்கப்பட்ட முடிவு ஒன்றைத் தனியே குறிப்பிட வேண்டும். வெள்ளப் பரவலை முழுமையாகக் கணக்கிடக் கணினிக்குப் பல மணி நேரமாகலாம். புயல் அதுவரை காத்திருக்காது. ஆகவே மழை அளவு, ஏரி வெளியேற்றம், ஓதத்தின் நிலை ஆகியவற்றின் பல்வேறு சேர்க்கைகளுக்கு நூற்றுக்கணக்கான வெள்ள வரைபடங்களை முன்கூட்டியே கணித்து வைத்து, முன்னறிவிப்பு வந்ததும் அதற்கு மிக நெருங்கிய வரைபடத்தை எடுத்துக் காட்டும் முறையும் அமைப்பில் சேர்க்கப்பட்டது. வரைபடத்தில் தன் வார்டைப் பார்க்கும் மாநகராட்சி அலுவலருக்குச் சமன்பாடுகள் தேவையில்லை. எந்தத் தெருவில் முழங்கால் அளவு, எந்தத் தெருவில் இடுப்பளவு என்பதே தேவை. ஆய்வாளர்கள் பயன்படுத்துவோரின் அவசரத்தை நினைத்து வடிவமைத்ததற்கு இது நல்ல சான்று. இதன் தொடர்ச்சியாகவே மும்பைக்கான அமைப்பு 2020 ஜூனில் தொடங்கப்பட்டது.

அடுத்த கட்டமாகத் தமிழ்நாடு அரசு உலக வங்கியின் உதவியோடு, தமிழ்நாடு நகர்ப்புற உட்கட்டமைப்பு நிதிச் சேவைகள் நிறுவனம் வழியாக, ஆரணியாறு, கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, கோவளம் பகுதிகளை உள்ளடக்கிய சென்னைப் படுகைக்கு நிகழ்நேர வெள்ள முன்னறிவிப்பு மற்றும் முடிவெடுப்பு உதவி அமைப்பைக் கையில் எடுத்தது. ஏரிகளிலும் ஆறுகளிலும் தானியங்கி நீர்மட்டக் கருவிகள், மழைமானிகள், அவற்றின் தரவை ஒரே இடத்தில் சேர்க்கும் கட்டுப்பாட்டு மையம் ஆகியவை இதன் உறுப்புகள். இவற்றோடு, பொதுமக்களுக்காக டி.என்.-ஸ்மார்ட், பின்னர் டி.என்.-அலர்ட் என்ற எச்சரிக்கைச் செயலிகள் வந்தன. 2002 முதல் துறைமுகத்தருகே இயங்கும், மழை மேகங்களைக் கண்காணிக்கும் டாப்ளர் ரேடாருக்குத் துணையாகப் பள்ளிக்கரணையில் குறுகிய வீச்சு ரேடார் ஒன்றும் சேர்ந்தது.

இவ்வளவு அமைப்புகள் வந்த பிறகு எழும் கேள்வி எளியது. ஒரே புயலின்போது மத்திய ஆய்வு நிறுவனத்தின் வரைபடம் ஒன்றையும், மாநிலக் கட்டுப்பாட்டு மையத்தின் திரை வேறொன்றையும் காட்டினால் மாவட்ட ஆட்சியர் எதை நம்ப வேண்டும்? இதற்கான விடை தொழில்நுட்பத்தில் இல்லை. ஓர் அரசாணையில்தான் இருக்க முடியும்.

மூன்று சோதனைகள்

2020 நவம்பர் 25, நிவர் புயல் நெருங்கிய நாள். செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும், முழு உயரமான 24 அடிவரை காத்திருக்காமல், நண்பகலில் 1,000 கனஅடியில் வெளியேற்றம் தொடங்கியது. பிறகு படிப்படியாக உயர்த்தப்பட்டது. சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை எனக் கரையோர ஊர்களுக்கும், நகருக்குள் அடையாற்றின் இருபுறத்துத் தாழ்வான பகுதிகளுக்கும் பெயர் சொல்லி எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பகலில் திறந்தார்கள், சிறிய அளவில் தொடங்கினார்கள், முன்பே சொன்னார்கள். 2015-இல் இவை மூன்றும் சேர்ந்து அமையவில்லை. இதில் நவீன மாதிரிகளின் பங்கு எவ்வளவாக இருந்தாலும், 22 அடி என்ற தெளிவான, யாவரும் அறிந்த ஒரு வரம்பு செய்த வேலை அதைவிடப் பெரிது என்றே நான் கருதுகிறேன். அந்த எண் பொறியாளருக்குப் பாதுகாப்பு அளித்தது. அது நெறியாக இருக்கும்போது, மதகைத் திறந்ததற்கு அவர் தனி ஒருவராக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது சோதனை 2021 டிசம்பர் 30. அன்று பிற்பகலில் நகரின் மையப் பகுதிகளில் சில மணி நேரத்துக்குள் பெருமழை கொட்டியது. அந்த அளவு மழை முன்னறிவிக்கப்படவில்லை. வானிலை ஆய்வுத் துறையின் கட்டமைப்பை மேம்படுத்தக் கோரித் தமிழ்நாடு முதலமைச்சர் ஒன்றிய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு விவகாரம் பெரிதானது. கடலோரத்தில் சிறு பரப்பில் திடீரெனத் திரளும் மேகங்களை ஒரு நாள் முன்பே துல்லியமாகச் சொல்வது உலகெங்கும் கடினம். மழை முன்னறிவிப்பு தவறினால் அதன்மேல் கட்டப்பட்ட வெள்ள முன்னறிவிப்பும் தவறும். ஆகவே எந்தத் திட்டமும், முன்னறிவிப்பு இல்லாமலே மழை வரும் நாளுக்கான நடைமுறையையும் சேர்த்தே எழுத வேண்டும். சுரங்கப் பாலத்தை மூடுவதற்கு ரேடார் படம் வேண்டியதில்லை. நீர் எத்தனை செ.மீ. நின்றால் தடுப்பு வைக்கலாம் என்ற விதியும், மேலிடத்தைக் கேட்காமல் அதைச் செய்யும் உரிமை பெற்ற ஊழியரும் போதும்.

மூன்றாவது, 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். இம்முறை சிக்கல் செம்பரம்பாக்கத்தில் குவிந்திருக்கவில்லை. புயல் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்து நகரின்மீதே மழையைப் பொழிந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடி, வடசென்னையின் பல பகுதிகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும் நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தின் வழியாகவே கடலுக்குப் போக வேண்டும். கடல் கொந்தளித்து மட்டம் உயர்ந்திருக்கும்போது அந்த வழி திணறுகிறது. புதிதாகக் கட்டிய மழைநீர் வடிகால்களும் இதே நிலைக்கு ஆட்பட்டவையே. வடிகாலின் கொள்ளளவு எவ்வளவாக இருந்தாலும், அது போய்ச் சேரும் இடத்தில் நீர்மட்டம் உயர்ந்திருந்தால் நீர் நகராது. ஏரியை மையமாகக் கொண்டு தொடங்கிய முன்னறிவிப்பு, வடிகாலையும் சதுப்பு நிலத்தையும் முகத்துவாரத்தையும் ஒரே கணக்கில் எடுத்தாக வேண்டும் என்பதை மிக்ஜாம் காட்டியது.

எழுதப்படாத பக்கங்கள்

சென்னை ஏறத்தாழ மேசைபோல் சமதளமான நகரம். இத்தகைய நிலத்தில் ஓர் அடி உயர வேறுபாடு ஒரு வீட்டுக்குள் நீர் புகுவதையும் புகாததையும் தீர்மானிக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவுகளின் பிழையே சில மீட்டர் வரை இருக்கும். ஆகவே விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளந்த உயரத் தரவு தேவைப்படுகிறது. அப்படி அளந்த தரவும் அளந்த நாளின் நகரத்தையே காட்டும். அதன்பின் மெட்ரோ ரயில் பணி நடந்தது, சாலைகள் மேலும் மேலும் உயர்த்திப் போடப்பட்டன, காலி மனைகள் மண்ணடித்து மேடாக்கப்பட்டன, புதிய வடிகால்கள் வந்தன. மாதிரியைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கப்படவில்லை என்றால், சில ஆண்டுகளில் அது இல்லாத ஒரு நகரத்துக்கு வெள்ளம் கணிக்கும். கருவி வாங்க நிதி கிடைப்பது எளிது, ஏனென்றால் திறப்பு விழா நடத்தலாம். உயரத் தரவைத் திருத்தும் பணிக்கு விழா இல்லை. இந்தச் செலவைத் திட்ட அறிக்கையிலேயே மூலதனச் செலவுக்கு இணையாக எழுதி வைப்பது ஆய்வாளரின் கடமை.

பராமரிப்பும் அப்படியே. ஏரிக்கரையில் நிற்கும் நீர்மட்டக் கருவியின் மின்கலம், சூரியத் தகடு, சிம் கார்டு, அதைச் சுற்றி வளரும் செடி கொடி ஆகியவற்றை யார் பார்ப்பது? ஒப்பந்தக் காலம் வரை ஒப்பந்ததாரர். அதன்பிறகு உதவிப் பொறியாளர் என்றால், அவருக்கு அதற்கான ஆளும் பணமும் வேண்டும். செப்டம்பர் இறுதியில், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஒவ்வொரு கருவியையும் கைக்கோலால் அளந்து சரிபார்த்து, எது இயங்குகிறது, எது இயங்கவில்லை என்று பொதுவில் அறிவிக்கும் வழக்கம் வந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

தரவுப் பகிர்வு இதைவிடக் கடினம். மழை அளவு வானிலை ஆய்வுத் துறையிடமும், ஏரி மட்டம் நீர்வளத் துறையிடமும், வடிகால் வரைபடம் மாநகராட்சியிடமும், குடிநீர் இருப்பு சென்னைக் குடிநீர் வாரியத்திடமும் இருக்கின்றன. நகரத்தின் எல்லைக்கு வெளியே, அடையாற்றின் தலைப்பகுதியில் உள்ள சிறு ஏரிகள் காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. விரைவு மதிப்பீடு சுட்டிக்காட்டிய ஆபத்து அந்தச் சிறு ஏரிகளிலிருந்தே வந்தது. கருவிகளோ முதலில் பெரிய ஏரிகளுக்கே போகின்றன. இந்த முன்னுரிமை மாற வேண்டும்.

2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பின் ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப் பணி அலுவலர் வெ. திருப்புகழ் தலைமையில் அமைக்கப்பட்ட ஆலோசனைக் குழு 2023 மார்ச்சில் தன் இறுதி அறிக்கையை அரசிடம் அளித்தது. இத்தகைய அறிக்கைகள் அளிக்கப்பட்ட அன்றே மக்கள் படிக்கக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெள்ளப் பரப்பு வரைபடம் வெளியானால் மனை விலை குறையும் என்ற அச்சம் சிலருக்கு இருக்கலாம். ஆனால் அந்த வரைபடத்தைப் பார்க்காமல் கடன் வாங்கி வீடு கட்டும் குடும்பத்தின் இழப்பு அதைவிடப் பெரிது.

இந்த நிகழ்வின் அடிப்படையில், முன்னறிவிப்பு அமைப்புக்கான அடுத்த ஒப்பந்தப்புள்ளி எழுதப்படுமுன் துறைகள் கூடி முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. செம்பரம்பாக்கத்துக்கு 22 அடி செய்ததை, முன்னறிவிப்பைச் சேர்த்து விரித்து எழுத வேண்டும். அடுத்த 48 மணி நேரத்தில் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இன்ன அளவு மழைக்கு இன்ன விழுக்காடு வாய்ப்பு என்று அமைப்பு சொன்னால், ஏரி எந்த மட்டத்துக்குக் குறைக்கப்படும், அதற்கு ஒப்புதல் தருபவர் யார், அவரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் யார், எந்த ஊர்களுக்கு எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்லப்படும் என்பன அதில் இருக்க வேண்டும். அக்டோபரில் குறைத்த ஏரி மீண்டும் நிரம்ப இரண்டு மாத மழை மிச்சமிருக்கும். டிசம்பர் நடுவில் அப்படி இல்லை. ஆகவே வரம்பு மாதத்துக்கு மாதம் மாற வேண்டும். நெறிப்படி ஏரியைக் குறைத்த பிறகு மழை பொய்த்தால், அந்தக் குடிநீர் இழப்பைக் கடல்நீர்க் குடிநீர் ஆலைகளிலிருந்தும் வீராணத்திலிருந்தும் ஈடுகட்டும் பொறுப்பை அரசு ஏற்கிறது என்று அதே ஆணையில் எழுதப்பட வேண்டும். பருவமழை முடிந்து ஜனவரி வந்ததும், ஒவ்வொரு முன்னறிவிப்பும் அன்று உண்மையில் நடந்ததும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டு வெளியிடப்பட வேண்டும். எத்தனை முறை சரி, எத்தனை முறை தவறு என்ற அந்தப் பட்டியலைப் பார்த்தே அடுத்த ஆண்டுக்கான விழுக்காட்டைத் திருத்த முடியும்.